இருபது வெள்ளியைப் பிரிக்கும் விளையாட்டு: மேற்கத்திய மாணவர் ஆய்வைச் சிங்கப்பூரில் நடத்திப் பார்ப்பதற்கான ஒரு நிகழ்வு ஆய்வு

மனித நடத்தை பற்றிப் பாடநூல்கள் சொல்வதில் பெரும்பகுதி யாரிடம் அளந்தது? உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் இதை எண்ணியே பார்த்தார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த ஆய்வுகளில் 68 விழுக்காடு அமெரிக்கர்களை வைத்து நடந்தவை. மேற்கத்திய தொழில்வள நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 96 விழுக்காடு. அந்த நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடுதான். சமூக உளவியலின் முதன்மை இதழில் வந்த அமெரிக்க ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, உளவியல் வகுப்பில் படிக்கும் இளங்கலை மாணவர்களை மட்டுமே வைத்து நடந்தவை. ஆர்னெட்டின் கட்டுரை 2008-இல் வந்தது. 2010-இல் ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரென்சாயன் மூவரும் இந்தக் கூட்டத்துக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வியர்ட்' (WEIRD) என்று பெயர் வைத்தார்கள்: மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, பணக்கார, மக்களாட்சி நாட்டு மனிதர்கள்.

குற்றச்சாட்டு சரியானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட முடிவு இன்னோர் ஊரில் நிற்குமா, விழுமா என்பதை இந்த விழுக்காடுகள் சொல்லாது. அதற்கு ஒரே ஒரு சோதனையைக் கையில் எடுத்து, இடம் மாறும்போது அதில் என்னென்ன மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். இங்கே நாங்கள் எடுத்துக்கொண்டது அல்டிமேட்டம் விளையாட்டு. முதலில் நடந்து முடிந்த ஆய்வுகள். அதன்பின், அதையே சிங்கப்பூரில் தமிழ் பேசுவோரிடம் நடத்த நினைப்பவர் செய்ய வேண்டியவை. இரண்டாம் பகுதியில் வரும் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கணக்குகள் திட்டமிடுவதற்கான கணக்குகள். அளந்த முடிவுகள் அல்ல.

எங்கள் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். இரண்டு ஊர்களில் இரண்டு விதமான விடை வந்தால், மக்கள் வேறு என்று அறிவிப்பதற்கு முன், அவர்கள் விளையாடியது ஒரே விளையாட்டுத்தானா என்று அளந்தாக வேண்டும்.

கொலோனிலிருந்து அமேசான் வரை

விதி எளிது. ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அதில் எவ்வளவை முகம் தெரியாத இன்னொருவருக்குத் தருவது என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் எதுவுமில்லை. ஒரே முறைதான். வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் 1982-இல் வெளியிட்ட இந்தச் சோதனை, கொலோன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் மாணவர்களிடம் நடந்தது. தன்னலம் மட்டுமே பார்ப்பவர் ஒரு காசைக் கொடுப்பார், மற்றவர் அதையும் வாங்கிக்கொள்வார் என்பது கோட்பாட்டின் கணிப்பு. மாணவர்கள் அப்படி நடக்கவில்லை. அதன்பின் பல தொழில்வள நாடுகளில் நடந்த சோதனைகளில் கொடுத்த பங்கின் சராசரி 40 முதல் 50 விழுக்காடு வரை வந்தது. 20 விழுக்காட்டுக்குக் கீழே கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்தார்கள். 'நியாய உணர்வு மனிதருக்குப் பொதுவானது' என்ற வாக்கியம் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது.

ஹென்ரிக் இதைப் பெருவின் அமேசான் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார். முடிவு 2000-இல் வெளியானது. தொகை 20 சோல் (பெரு நாணயம்), அங்கு இரண்டு நாள் கூலிக்குச் சற்று மேல். சராசரி 26 விழுக்காடு, அதிகம் பேர் சொன்னது 15 விழுக்காடு. ஒப்பீட்டுக்காக லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்களிடம் 160 டாலரை வைத்து நடத்தியபோது சராசரி 48. மச்சிகெங்காவின் 21 ஜோடிகளில் மறுத்தது ஒரே ஒருவர். குறைவாக வாங்கியவர்களுக்குக் கோபமில்லை. எதிர்ப்பக்கம் உட்கார நேர்ந்தது தங்கள் போதாத காலம் என்ற அளவில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த 21 என்ற எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். 21-இல் 1 என்பது 5 விழுக்காடு. ஆனால் அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விழுக்காடு இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 0-இல் தொடங்கி 24 வரை போகிறது. 'மச்சிகெங்கா மறுப்பதே இல்லை' என்று மேற்கோள் காட்டுபவர்கள் இந்த மேல் எல்லையைப் பார்ப்பதில்லை. கொடுத்த தொகையின் வேறுபாடு உறுதியானது. மறுப்பின் வேறுபாட்டை அவ்வளவு உறுதியாகச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது.

அடுத்து 15 சிறு சமூகங்களில் இதே சோதனை நடந்தது. சராசரிகள் 26 முதல் 58 விழுக்காடு வரை விரிந்தன. இந்தோனேசியாவின் லாமலேராவில், திமிங்கலம் பிடித்துப் பங்கு போடும் மக்கள் 58 விழுக்காடு கொடுத்தார்கள். பாப்புவா நியூ கினியின் ஆவு, நாவு மக்களிடையே பாதிக்கு மேல் கொடுத்தாலும் மறுப்பு வந்தது. அங்கே பெரிய அன்பளிப்பை வாங்கினால் பின்னாளில் திருப்பிச் செய்யும் கடன் கழுத்தில் ஏறும். கென்யாவின் ஓர்மா மக்கள், பொதுநிதிக்குப் பணம் போடும் இன்னொரு விளையாட்டைப் பார்த்ததும் அதற்கு 'ஹராம்பே' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஊர் கூடிப் பணம் திரட்டும் அவர்களுடைய வழக்கத்தின் பெயர் அது.

எங்களுக்கு 26, 58 என்ற எண்களைவிட இந்த ஹராம்பேதான் முக்கியம். எதிரில் வைத்த புதிருக்குத் தங்கள் வாழ்க்கையில் எது கிட்ட இருக்கிறதோ அதன் விதிப்படி மக்கள் ஆடினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாணவரும் அப்படித்தான் ஆடியிருப்பார். அவர் எதை மனத்தில் வைத்து ஆடினார் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறைக்கக்கூடாது. 2018-இல் வெளியான 'மெனி லேப்ஸ் 2' என்ற கூட்டு ஆய்வு, 36 நாடுகள், வட்டாரங்களில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் 28 முடிவுகளை மறுபடி சோதித்தது. 15 தேறின. தேறியவை பெரும்பாலும் எங்கும் தேறின, விழுந்தவை எங்கும் விழுந்தன; வியர்ட் நாடு, மற்ற நாடு என்று பிரித்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே மேற்கில் கிடைத்தது எல்லாமே இங்கே செல்லாது என்று துள்ளுவதும் தவறு. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களிலும் பெரும்பகுதி மாணவர்களே. ஒரு நாட்டு மாணவரை இன்னொரு நாட்டு மாணவரோடு ஒப்பிட்டால், மாணவர் என்ற பொதுத்தன்மை அப்படியே தங்கிவிடுகிறது.

சிங்கப்பூர் மாணவரை ஆசியாவின் பிரதிநிதி ஆக்கலாமா?

மலிவான வழி ஒன்று உண்டு: கென்ட் ரிட்ஜிலோ ஜூரோங்கிலோ இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய மாணவர்கள் நூறு பேரைப் பிடித்து, 'ஆசிய மாதிரி' என்று எழுதிவிடுவது. இது ஏன் செல்லாது என்பதற்கு லீ-ஜுன் ஜி, ஷியொங் சாங், ரிச்சர்ட் நிஸ்பெட் 2004-இல் வெளியிட்ட ஆய்வே போதும். குரங்கு, பாண்டா, வாழைப்பழம் போன்ற மூன்றில் எந்த இரண்டு சேரும் என்று கேட்பது சோதனை. குரங்கையும் பாண்டாவையும் சேர்ப்பவர் வகை பார்க்கிறார். குரங்கையும் பழத்தையும் சேர்ப்பவர் உறவு பார்க்கிறார். சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த இருமொழியினர், கேட்கும் மொழி மாறியதும் விடையையும் நகர்த்தினார்கள். ஹாங்காங், சிங்கப்பூர்ச் சீனர்களிடம் மொழி மாற்றம் அந்த விளைவைத் தரவில்லை. சிறுவயதிலேயே ஆங்கிலத்தில் ஊறியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 'சீனர்' என்ற ஒரே முத்திரைக்குக் கீழே இரண்டு வகை விடைகள். இங்குள்ள தமிழ் மாணவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வசிப்போரில் இந்தியர் 9 விழுக்காடு. ஐந்து வயதைத் தாண்டியவர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. இவை குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் சேர்த்த கணக்கு. ஒர்க் பெர்மிட்டில் வந்து டார்மிட்டரியில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டு ஊழியர் இதற்குள் வரமாட்டார். அன்றாடம் தமிழிலேயே புழங்கும் ஒரு பெருங்கூட்டத்துக்கு, ஆய்வாளர் கையில் பெயர்ப்பட்டியலே கிடையாது என்பது இதன் நடைமுறைப் பொருள். எழுந்தமானமாக மாதிரி எடுக்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும்.

'மேற்கத்திய மாணவர்' என்ற சொற்றொடரில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன: மேற்கு என்பதா, மாணவர் என்பதா? சர்வாதிகாரி விளையாட்டில், அதாவது மறுக்கும் உரிமையே இல்லாத பங்கீட்டில், மாணவரல்லாத பெரியவர்கள் மாணவர்களைவிடக் கூடுதலாகக் கொடுப்பதை 2011-இல் வந்த கிறிஸ்டோஃப் எங்கெலின் தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே குறைந்தது மூன்று குழுக்கள் வேண்டும். ஒன்று, இங்கே பிறந்த தமிழ் மாணவர்கள். இரண்டு, இங்கே பிறந்த, மாணவரல்லாத தமிழர்கள்: பேருந்து ஓட்டுநர், தொழில்நுட்பர், கடை வைத்திருப்பவர், வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) பேட்டைகளில் வசிப்பவர். மூன்று, தமிழ்நாட்டிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி மாணவர் என்பதன் விளைவைக் காட்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ளது வளர்ந்த இடத்தையும் வேலையின் நிலையையும் சேர்த்துக் காட்டும். நடுக்குழுவை விட்டுவிட்டால் இரண்டும் கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. மூன்றாம் குழுவில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் மற்ற இரண்டிலும் ஆண்களை மட்டும் எடுப்பது நல்லது. ஆய்வு ஆண்களோடு சுருங்கிவிடும். ஆனால் ஒப்பீடு தெளிவாக இருக்கும்.

எத்தனை பேர், எவ்வளவு பணம்

கொடுக்கும் தொகையின் திட்ட விலக்கம், அதாவது விடைகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 15 விழுக்காட்டுப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களுக்கிடையே 10 புள்ளி வேறுபாட்டை 80 விழுக்காட்டு வலுவோடு (உண்மையில் இருந்தால் பத்தில் எட்டு முறை தென்படும்படி) கண்டுபிடிக்க, குழுவுக்கு 36 பிரிப்பவர்கள் வேண்டும். 5 புள்ளியைப் பிடிக்க 142. ஒரு பிரிப்பவருக்கு ஒரு பதில் சொல்பவர் என்பதால் 36 என்பது 72 பேர். மூன்று குழுவுக்கு 216. தொகை 20 வெள்ளி என்றால் 108 ஜோடிக்கு 2,160 வெள்ளி. வந்ததற்காகத் தலைக்கு 10 வெள்ளி கொடுத்தால் இன்னொரு 2,160. இதற்குமேல் உதவியாளர் சம்பளம். 142-க்குப் போனால் எல்லாம் நான்கு மடங்காகும். அதனால்தான் பலர் 36-இல் நிற்கிறார்கள். நிற்கலாம். ஆனால் 5 புள்ளி வேறுபாட்டைக் காணவில்லை என்றால், அது இல்லை என்று பொருளில்லை. 'வேறுபாடு இல்லை' என்று எழுத விரும்புபவர், எவ்வளவு சிறிய இடைவெளியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, இடைவெளி அதைவிடச் சிறியதுதானா என்று பார்க்கும் சமநிலைச் சோதனை செய்ய வேண்டும்.

20 வெள்ளியை யாருடைய கண்ணால் அளப்பது? அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 20 வெள்ளி வாங்கும் ஊழியருக்கு அது ஒரு நாள் உழைப்பு. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு ஒரு பிற்பகலில் வந்துவிடும் காசு. தொகை பெரிதானால் பதில் சொல்பவர் மாறுவார் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்று உண்டு. ஸ்டெஃபன் ஆண்டர்சனும் மற்றவர்களும் மேகாலயாவில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை தொகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். உச்சத்தில் மறுப்பு ஏறக்குறைய மறைந்தது. எனவே ஊழியர் குழுவை 20 வெள்ளியிலும், மாணவர் குழுவை இரண்டு விதமாகவும் நடத்த வேண்டும்: பாதிப் பேருக்கு அதே 20 வெள்ளி, பாதிப் பேருக்கு அவர்களுடைய ஒரு நாள் வருவாய்க்கு நிகரான தொகை. மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பாகும், செலவும் ஏறும். செலவை மிச்சம் பிடிக்கப் பத்தில் ஒரு ஜோடிக்கு மட்டும் குலுக்கிப் பணம் தரும் முறை ஆய்வுக்கூடங்களில் சகஜம். இங்கே அது 4டி, டோட்டோ லாட்டரி மாதிரி தெரியும், ஒதுங்குபவர் ஒதுங்குவார். லாமலேராவில் சூதாட்டம் என்ற தோற்றம் வரக்கூடாது என்று பணத்துக்குப் பதில் சிகரெட்டைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் அந்த யோசனையை அறநெறிக் குழுவிடம் கொண்டுபோக எங்களுக்குத் துணிவில்லை. பற்றுச்சீட்டும் வேண்டாம், கேட்டரிங் சாப்பாடு சாப்பிடுபவருக்குப் பேரங்காடிப் பற்றுச்சீட்டின் மதிப்பு வேறு. ரொக்கம்தான் சரி. 2 வெள்ளி நோட்டுகள் பத்தாக வைத்தால் எண்ணிப் பிரிப்பது எளிது. ஆனால் 10 விழுக்காட்டுப் படிகளில்தான் விடை வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பேநவ் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாக அனுப்பக் கூடாது, பெயர் தெரிந்துவிடும்.

நடத்தும் நாள்

மேலாளர், சூப்பர்வைசர் வழியாக ஆள் சேர்க்கக் கூடாது. பெர்மிட்டே முதலாளி கையில் இருக்கும்போது, 'விருப்பமிருந்தால் வாங்க' என்பது விருப்பமாக இராது. அறநெறிக் குழுவும் முதலில் கேட்பது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஒரு சமூக மன்ற அறையை எடுப்பது நடைமுறைக்கு ஒத்தது. அப்போது ஞாயிறு விடுப்பு கிடைத்தவர்கள் மட்டுமே வருவார்கள். ஓவர்டைமில் இருப்பவர் விடுபடுவார். அதைக் கட்டுரையில் எழுத வேண்டும்.

இரண்டு அறைகள், இரண்டு வாசல்கள். பிரிப்பவர்கள் ஓர் அறையில், பதில் சொல்பவர்கள் மற்றதில், ஒரே நேரத்தில். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி எல்லோருக்கும் போய்விடும். விதியைக் கூட்டமாக ஒருமுறை சொல்லி, பிறகு தனித்தனியாக, நோட்டுகளை மேசையில் நகர்த்திக் காட்டிச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 72 பேருக்கு 18 மணி நேரம். ஆறு உதவியாளர்கள் இருந்தால் மூன்று மணி நேரத்தில் முடியும். பேச்சுத்தமிழில் எழுதிய ஒரே உரையை ஆறு பேரும் படிக்க வேண்டும். மாணவர் குழுவில் ஆங்கிலமா தமிழா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், தேர்வைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டு சொல்வதில்தான் அதிகம் கெடும். 'இப்ப அவர் 10, இவர் 10 பிரிச்சா…' என்று தொடங்கினாலே பாதி என்பது அறையில் நின்றுவிடும். எல்லாத் தொகைகளையும் சீட்டில் எழுதிக் கலைத்து, வருவதை வைத்து விளக்க வேண்டும்.

பிறகு நான்கு கேள்விகள். அவர் 6 கொடுத்து இவர் ஏற்றால் ஆளுக்கு எவ்வளவு? இவர் மறுத்தால் எவ்வளவு? கொடுத்தவர் யாரென்று இவருக்குத் தெரியுமா? இன்னொரு சுற்று உண்டா? முதல் இரண்டும் விதி புரிந்ததா என்பதைச் சோதிப்பவை. மற்ற இரண்டும் நம்புகிறாரா என்பதை. இவற்றைக் கலக்கக் கூடாது. விதி புரியாதவரின் விடையைத் தனியே வைக்கலாம். நம்பாதவரை நீக்கவே கூடாது. ஒரே டார்மிட்டரியில், ஒரே மாவட்டத்துக்காரர்களோடு தங்கியிருப்பவருக்கு 'யாருக்கும் தெரியாது, ஒரே தடவைதான்' என்பதை நம்பக் காரணமில்லை. அவர் ஆடுவது நாளையும் தொடரும் விளையாட்டு. நியாயமான கணக்குத்தான் அது.

நீக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னவர்களை எல்லாம் தள்ளினால், வெளியேறுபவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்புக் குறைந்தவர்கள். மிஞ்சுபவர்கள் படிப்பில் மாணவர்களை நெருங்கியவர்கள். மாணவரல்லாதவரைத் தேடிப்போய், சலித்துச் சலித்து மாணவரைப் போன்றவரையே கொண்டுவந்து நிறுத்துவதாக முடியும். அவர்களை நீக்கியும் நீக்காமலும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

உதவியாளர் கழுத்தில் பல்கலைக்கழக அட்டை தொங்கினால் அவரை மனிதவள அமைச்சின் ஆள் என்று நினைக்கக்கூடும். 'சார்' என்று எழுந்து நிற்பவர் தாராளமாகக் கொடுப்பார். சியரா லியோனில் வெள்ளைக்கார வெளிநாட்டவர் ஒருவர் அறையில் இருந்தாலே சர்வாதிகாரி விளையாட்டில் கொடுக்கும் தொகை ஏறியதை 2015-இல் ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அட்டை வேண்டாம், நோட்டுப் பிரிக்கும் நேரத்தில் உதவியாளர் திரைக்கு வெளியே நிற்க வேண்டும்.

பணம் கொடுத்து முடித்தபின் ஒரே ஒரு திறந்த கேள்வி: 'இது உங்களுக்குப் பழக்கமான எதைப் போல இருந்தது?' சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். மொய் என்று ஒருவர் சொல்லலாம். எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் கணக்கு அது, ஆவு, நாவு மக்களின் மறுப்புக்குப் பக்கத்தில் வருவது. முதலாளி தரும் போனஸ் என்று ஒருவர், அறைத் தோழர்கள் பங்கு போடும் சமையல் செலவு என்று ஒருவர், பரீட்சை என்று ஒரு மாணவர் சொல்லலாம். கொடுத்த தொகையைப் பார்க்காத இருவர் தனித்தனியாக இவற்றை வகைப்படுத்தி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கணக்கிட வேண்டும்.

எண்ணை வாசிப்பது

ஊழியர் சராசரி 38, மாணவர் சராசரி 48 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தொகையை வருவாய்க்கு நிகராக்கியபின் இடைவெளி சுருங்கினால், காரணம் பணத்தின் கனம். 'யாருக்கும் தெரியாது' என்பதை நம்பியவர்களை மட்டும் எடுக்கும்போது சுருங்கினால், காரணம் கூடி வாழும் இடம். ஒரே வகைப் பழக்கத்தைச் சொன்னவர்களை மட்டும், அதாவது போனஸ் என்றவரைப் போனஸ் என்றவரோடு ஒப்பிடும்போது சுருங்கினால், காரணம் எதைப் போல எடுத்துக்கொண்டார்கள் என்பது. 36 பேரை இப்படிக் கூறு போட்டால் ஒவ்வொரு கூறிலும் பத்துப் பன்னிரண்டு பேரே மிஞ்சுவார்கள் என்பதால் இவை குறிப்புகள் மட்டுமே. உறுதி வேண்டுமென்றால் 142-தான். நடுக்குழு மாணவர் பக்கம் நின்றால் இடமும் வேலையும் பேசுகின்றன, ஊழியர் பக்கம் நின்றால் மாணவர் என்பதே விதிவிலக்கு. இத்தனைக்கும் பிறகு மீதமிருப்பதைத்தான் இரு மக்களின் வேறுபாடு என்று எழுதலாம்.

அப்போதும் தலைப்பில் 'தமிழர்' என்று போடக் கூடாது. 'சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கும், ஞாயிறு விடுப்பு கிடைத்த தமிழ் ஆண்கள்' என்று நீளமாகவே போட வேண்டும். பக்கத்தில் வரும் மாணவர் குழுவுக்கும் அதே நீளத்தில் பெயர் வேண்டும்: எந்த ஆண்டு, எந்தத் துறை, மதிப்பெண்ணுக்காக வந்தவரா பணத்துக்காக வந்தவரா, எந்த மொழியில் ஆடினார்.